தோட்டா நிரப்புதலும் மருந்தளவும்

பயிர்க் காவலின் பொருட்டு லைசென்சு பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர் பலர், அதன் குழலையும் கட்டையையும் துடைத்து வைப்பதில் காட்டும் கவனத்தை அதனுள் இடும் மருந்தின் விஷயத்தில் காட்டுவதில்லை. ‘வழக்கமாகப் போடுகிற அளவு’, ‘மூன்று விரற்கடை’, ‘உள்ளங்கை நிறைய’ என்று செவிவழியாக வந்த அளவுகளே போதுமென்று கருதிவிடுகின்றனர். குழல் கிழிந்து விரலையோ கண்ணையோ இழந்த பின்னர், துப்பாக்கி பழையது என்று அதன்மேற் பழிபோடுவது எளிது. ஆயினும் இத்தகைய விபத்துக்களின் காரணத்தை நாடிப் பார்க்குமிடத்து, இரும்பின் குற்றத்தைக் காட்டிலும், குழலுக்கு ஒவ்வாத மருந்தும், அளவு மீறிய கெட்டிப்பும், குழலினுள் தங்கிப்போன அடைப்புமே பெரும்பாலும் முன்நிற்கக் காணலாம். இம்மூன்றும் மனிதர் கையால் நேர்வன. கவனமுள்ள கையால் முற்றிலும் விலக்கத்தக்கன.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பதின்மூன்றாம் பிரிவில், மெய்யாகவே பயிர்க் காவலுக்கு வேண்டுவோர்க்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு அளிக்க வகை செய்திருக்கிறது. அது போதாதென்று லைசென்சு அளிக்கும் அதிகாரி திருப்தியடைந்தால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலும் வரியில்லாத வழவழப்பான உட்துளையும் உடைய வேறு துப்பாக்கிக்கும் லைசென்சு அளிக்கலாம். ஆகவே கிராமங்களில் சட்டப்படி இருக்கக்கூடியவை இருவகைப்படும். முன்னதில் மருந்தும் ரவையும் குழலின் வாய் வழியே இடப்பட்டுக் கெஜக்கோலால் கெட்டிக்கப்படுகின்றன. பின்னது நடுவில் மடங்கி, பின்புறத்தில் தோட்டாவை ஏற்கும். அதற்குரிய தோட்டா தொழிற்சாலையிலேயே நிரப்பி வருகிறது. புனே நகரை அடுத்த கட்கியிலுள்ள தொழிற்சாலையின் ‘சக்திமான்’ தோட்டாக்கள் இந்நாட்டில் நன்கு அறியப்பட்டவை.

வாய்வழித் துப்பாக்கியை உடையவர் ஒவ்வொரு வேட்டுக்கும் தாமே தோட்டா செய்பவராகிறார் என்பதை மறக்கலாகாது. தொழிற்சாலையில் தராசும் அழுத்தமானியும் பார்த்துக்கொள்ளும் வேலையை, வயல் வரப்பில், அரையிருட்டில், தம் கையாலேயே அவர் செய்கிறார். மடக்குத் துப்பாக்கி உடையவர்க்கு இச்சங்கடம் இல்லை. எனினும், தோட்டாவின் விலையை எண்ணி, சுட்டபின் எஞ்சிய கூட்டைத் திரும்ப நிரப்பலாமோ என்று கேட்போர் உண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களில் இது பல்லாயிரம் பேர் வீட்டிலேயே செய்யும் வேலை. இங்கோ, ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு லைசென்சின்றித் தோட்டா உற்பத்தி செய்வதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அக்குற்றத்துக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் லைசென்சு, தோட்டா செய்வதற்கான லைசென்சு அன்று. ஆகையால், லைசென்சு அளித்த அதிகாரியிடமிருந்து எழுத்து மூலமாக அனுமதி பெறாத எவரும் கூடு நிரப்பும் வேலையைத் தொடலாகாது. அனுமதி உடையார்க்கும், வாய்வழித் துப்பாக்கி கெட்டிப்பார்க்கும், பிறர் நிரப்பிய தோட்டாவை நம்பிச் சுடுவார்க்கும் பின்வரும் விஷயங்கள் பொதுவாம்.

தோட்டாவின் உறுப்புக்கள் ஐந்து: கூடு, கேப்பு, மருந்து, தக்கை, ரவை. துப்பாக்கியின் குதிரை அடிக்கக் கேப்பு பொறி விடுகிறது. பொறியால் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு தக்கையைத் தள்ளத் தக்கை ரவையைத் தள்ளுகிறது. இவ்வளவும் ஒரு விநாடியின் ஆயிரத்திற் சில பங்குக் காலத்துக்குள் முடிந்துவிடும். இக்காலத்துக்குள் எழும் அழுத்தம் எத்தன்மையது என்பதை ஓர் ஒப்புமையால் உணரலாம். லாரிச் சக்கரத்திலுள்ள காற்று சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 ராத்தல் அழுத்தமுடையது. 2¾ அங்குலப் பன்னிரண்டு போர் தோட்டாவுக்கு அமெரிக்க நாட்டு அளவுமுறை இடங்கொடுக்கும் மேலெல்லையோ சதுர அங்குலத்துக்கு 11,500 ராத்தல். அத்தனை அழுத்தத்தையும் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ஓர் இடது கையால் பற்றிய மெல்லிய குழல் தாங்கி நிற்கிறது.

இவ்வைந்து உறுப்புக்களும் தனித்தனியே நல்லனவாக இருத்தல் மட்டும் போதாது; ஒன்றோடொன்று பொருந்தியனவாகவும் இருத்தல் வேண்டும். இதுவே இவ்விஷயத்தில் தலையாயது. பலரும் அறியாததும் இதுவே. மருந்தின் அளவை மாற்றாது கேப்பை மட்டும் வேறு தொழிற்சாலையினதாக மாற்றினும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரக் கணக்கான ராத்தல் ஏறக்கூடும். ஏனெனில் ஒரு கேப்பின் பொறி மெல்லியதாயும் மற்றொன்றின் பொறி சூடும் நீளமும் மிகுந்ததாயும் இருக்கும். தக்கை இறுக்கமாயின் வாயு கசியாது; அழுத்தம் ஏறும். தளர்ந்ததாயின் வாயு பக்கங்களில் ஓடி வேட்டு மெலியும். கூடுகள் வெளிப்பார்வைக்கு ஒரே நீளமும் ஒரே நிறமுமாய் இருப்பினும், ஒன்றின் அடிப்புறம் தடித்தும் மற்றொன்றின் அடிப்புறம் மெலிந்தும் இருத்தலால் உள்ளிடம் வேறுபடுகிறது. உள்ளிடம் குறுகினால் அதே மருந்து அதிக அழுத்தத்தோடு எரியும். ரவையின் எடையைக் கால் அவுன்சு கூட்டினால் தள்ளவேண்டிய பாரம் கூடி அழுத்தமும் உடன் கூடும்.

இக்காரணம் பற்றியே மருந்து செய்யும் கம்பெனியார் தம் பரீக்ஷைச் சாலையில் அழுத்தமானி பொருத்திய குழலில் சுட்டுப் பார்த்து, அட்டவணைகள் வெளியிடுகின்றனர். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் இன்ன கம்பெனியின் இன்ன கூடு, இன்ன கேப்பு, இன்ன பெயருடைய மருந்து இத்தனை கிரெயின், இன்ன தக்கை, ரவை இத்தனை அவுன்சு என்று ஐந்தும் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரியை முழுதாக ஏற்கவேண்டும். இல்லையேல் முழுதாக விடவேண்டும். ஒரு வரியிலுள்ள மருந்தளவை எடுத்து மற்றொரு வரியிலுள்ள கேப்போடும் தக்கையோடும் சேர்ப்பவர், பரீக்ஷை செய்யப்படாத புதியதொரு தோட்டாவைத் தம் முகத்தருகே வைத்துத் தாமே பரீக்ஷிக்கிறார். ரைபிள் தோட்டா நிரப்புவோர் அட்டவணை அளவுக்குச் சற்றுக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவர். ரவைத் தோட்டாவுக்கு அம்முறை பொருந்தாது. குறிக்கப்பட்ட அளவு எதுவோ அதுவே.

குடியானவர்கள் அறிந்த போர்டோக் கலவையை இவ்விடத்தில் நினைவு கொள்ளலாம். 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து மில்லார்டே என்பவர் வெளியிட்ட அக்கலவையில், நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் என்பது ஒரு சதவீதக் கலவையின் அளவு. சுண்ணாம்பு பழையதாயிருந்தால் அளவு சரியாயிருந்தும் கலவை கெடும், இலை கருகும். ஆனால் அங்கே, தெளிக்குமுன் ஒரு கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்க்கலாம் என்ற வாய்ப்பு உண்டு. தோட்டாவுக்கோ அத்தகைய கத்திப் பரீக்ஷை கிடையாது. ஓர் அடையாளம் மட்டும் ஓரளவு உதவும்: அட்டவணைப்படி நிரப்பிய கூட்டின் வாய் தட்டையாக, நேராக மடியும். மடிப்பு உள்ளே குழிந்தாலும் வெளியே புடைத்தாலும் ஐந்தில் ஏதோ ஒன்று மாறிவிட்டதென்று கொண்டு, அந்தத் தோட்டாவை ஒதுக்கவேண்டும். மடிப்பு சரியாயிருப்பது கொண்டு மட்டும் அழுத்தம் சரியென்று தீர்மானித்தலும் ஆகாது.

இனி மருந்தைப்பற்றி விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் பெரும் அபாயம் இங்கேதான் உள்ளது. துப்பாக்கி மருந்து இருவகை. ஒன்று கருமருந்து, வெடியுப்பு, கந்தகம், கரி இவை சேர்ந்தது, எரியும்போது வெண்புகை மண்டும். வாய்வழித் துப்பாக்கிகள் யாவும் இதற்கென்றே செய்யப்பட்டவை. மற்றது புகையில்லா மருந்து. பஞ்சு அல்லது மரக்கூழை அமிலங்களிற் பக்குவம் செய்து ஆக்கப்படுவது. 1864ஆம் ஆண்டளவில் பிரஷ்யத் தளபதி ஷூல்ட்சே என்பவர் மரத்திலிருந்து இவ்வகை மருந்தை முதலில் ரவைத் துப்பாக்கிக்கெனச் செய்தார். 1884இல் பிரெஞ்சுக்காரராகிய வியேல் என்பவர் ரைபிளுக்கு ஏற்றதைச் செய்தார். நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள கார்டைட் தொழிற்சாலை இவ்வினத்து மருந்துகளுக்கென்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது.

இவ்விரு மருந்துகளும் எரியும் இயல்பில் பெரிதும் வேறுபட்டவை. புகையில்லா மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் சாதுவாக, நிதானமாக எரியும். கருமருந்தோ ‘பக்’கென்று பற்றிப் போய்விடும். இதைக் கண்டு முன்னது வலிமை குறைந்ததென்று எண்ணுவோர் ஏமாறுவர். மூடிய இடத்தில் அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறிக்கொண்டே போகும். எடைக்கு எடை அதன் வலிமை கருமருந்தினும் பல பங்கு மிகுதி. புகையில்லா மருந்திலேயே விரைவாய் எரிவன, மெதுவாய் எரிவன எனப் பற்பல வகை உண்டு. நிறத்தையோ துகளின் வடிவத்தையோ கண்டு இன்னதென்று பிரித்தறிய வல்லவர் எவருமிலர். செய்தவரே பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவைத் தொடார்.

ஆகவே ஒன்றை ஐயத்துக்கிடமின்றிக் கூறலாம்: தொழிற்சாலைத் தோட்டாவைப் பிரித்து அதனுள் இருக்கும் மருந்தை வாய்வழித் துப்பாக்கியில் இடுதல் எக்காலத்தும் கூடாது. கருமருந்து கிடைப்பது அரிதாயிருக்கும் இந்நாளில், உறவினரிடமிருந்து இரண்டு தோட்டாக்களை வாங்கிப் பிரித்து, ‘வழக்கமான விரற்கடை அளவு’ இட்டுக் கெட்டிக்கும் எண்ணம் ஒருவர்க்குத் தோன்றுதல் இயல்பே. அவ்வளவு மருந்து அக்குழல் தாங்கக்கூடியதன்று. கேப்பு வைக்கும் குமிழ் பின்புறமாகப் பறந்து கண்ணில் தைக்கும், அல்லது அடிக்குழல் கிழியும். பாறை உடைக்கும் மருந்தும், பட்டாசு மருந்தும் அப்படியே விலக்கத்தக்கவை. அவை வேறு காரியத்துக்கென வேறு வேகத்தில் வெடிக்குமாறு ஆக்கப்பட்டவை.

இக்குழப்பம் புதியதன்று, மேனாட்டிலும் ஒரு தலைமுறை முழுதும் இதனால் துன்புற்றது. கருமருந்துக் காலத்தில் அளவு ‘டிராம்’ கணக்கில் வழங்கியது. ஒரு டிராம் 27⅓ கிரெயின்; மூன்று டிராம் 82 கிரெயின். நம் பக்கத்துப் பழைய கணக்கில் ஒரு தோலா 180 கிரெயின் ஆதலால், மூன்று டிராம் என்பது அரைத் தோலாவுக்குச் சற்றுக் குறைவு. புகையில்லா மருந்து வந்தபின், வாங்குவோர்க்கு விளங்கும்பொருட்டு, ‘மூன்று டிராம் கருமருந்தின் வேகத்துக்கு ஒப்பானது’ என்னும் கருத்தில் தோட்டாப் பெட்டிகளின்மேல் பழைய டிராம் எண்ணையே அச்சிட்டனர். முதலில் வந்த மருந்துகள் சில, பருமனில் கருமருந்தை ஒத்திருக்குமாறு செய்யப்பட்டமையால் பழைய அளவுக்குவளை அவற்றுக்குப் பொருந்திற்று. பின்னர் வந்த அடர்ந்த மருந்துகளோ மூன்றிலொரு பங்கு எடையே வேண்டுவன. பெட்டியின்மேல் மூன்று டிராம் என்றிருப்பதைப் படித்து, அதே குவளையால் அடர்ந்த மருந்தை அளந்திட்டவர்களின் துப்பாக்கிகள் துண்டு துண்டாயின. டிராம் எண் இன்னும் சில பெட்டிகளில் அச்சாகிறது. அது வேகத்தைக் குறிப்பதேயன்றி, உள்ளிருக்கும் மருந்தின் எடையைக் குறிப்பதன்று.

எனவே மருந்தை எடையாலேயே அறுதியிட வேண்டும். குவளை அளவு ஒரு மருந்துக்குப் பொருந்தினால் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரே மருந்தும் தட்டி நிரப்பினால் மிகும், மெல்ல நிரப்பினால் குறையும். தட்டார்கள் பொன் நிறுக்கக் குன்றிமணியைக் கொண்டது போலத் தாமும் செய்யலாமென்று நினைப்பவர், குன்றிமணி மணிக்கு மணி எடை வேறுபடுவதை மறக்கின்றனர். கிரெயினின் பத்திலொரு பங்கு வரை காட்டும் தராசு வேண்டும். எடைக்கற்களைக் கொண்டு அத்தராசை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். காற்றோட்டமும் மின்விசிறியும் இல்லாத இடத்தில் நிறுக்க வேண்டும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். மிஞ்சியதை அதே டப்பாவில் அன்றே திரும்பக் கொட்டிவிடவேண்டும். பேச்சும் புகையிலையும் தொலைபேசியும் விலகி நிற்க, வேலை நடுவில் ஆள் கூப்பிட்டால், கையிலிருக்கும் கூட்டைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் தொடங்குவதே முறை. ஒரு கூட்டில் இருமுறை மருந்து விழுவது இத்தகைய இடைவேளைகளிலேதான்.

அதிகம் அபாயம் என்றால் குறைத்துப் போட்டுவிடலாமே என்று சிலர் வாதிப்பர். இதுவும் தவறு. மருந்து போதாவிடின் ரவை வெளியேறினும் தக்கை குழலின் நடுவே தங்கிவிடும். ‘டம்’ என்பதற்குப் பதில் ‘புஸ்’ என்று மெலிந்த ஓசை கேட்கும். பன்றி ஓடுகிறதே என்ற ஆத்திரத்தில் உடனே மறு தோட்டாவை இட்டுச் சுட்டால், முன் தங்கிய தக்கையில் மோதிய இடத்தில் குழல் உருளைபோல் வீங்கும், அல்லது பிளக்கும். அவ்விடம் பெரும்பாலும் இடது கை பற்றும் இடமாகவே இருக்கும். ஓசை மாறினால் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை நீக்கி, குழலின் வழியே வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பின்புறமிருந்து பார்த்த பின்னரே வேறு காரியம். கேப்பில் அடி விழுந்தும் வேட்டுத் தீராதபோது, குழலை ஆளில்லாத திசையிலேயே நீட்டி அரை நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். பொறி உறங்கிப் பின் விழிப்பதுண்டு.

வாய்வழித் துப்பாக்கி கெட்டிப்பதில் இவற்றோடு வேறு சில நியமங்களும் உள. மருந்துக் குடுக்கையிலிருந்து நேரே குழலில் ஊற்றலாகாது; முன் வேட்டின் தணல் ஒரு நூலளவு உள்ளே இருந்தாலும் தீ மேலேறிக் குடுக்கை முழுதும் கையிலே வெடிக்கும். தனிக்குவளையில் ஒரு வேட்டுக்குரியதை மட்டும் அளந்து, இரண்டு வேட்டுக்கிடையே சற்றுப் பொறுத்து, முகத்தைக் குழலின் நேரே நீட்டாமல் இட வேண்டும். தக்கையும் ரவையும் மருந்தின்மேல் நன்றாகப் படியும்வரை கெஜக்கோலால் தள்ளவேண்டும்; நடுவில் வெற்றிடம் நின்றால் அது அடைப்புக்கு ஒப்பாகும். ஆனால் உலக்கையால் இடிப்பது போல் இடித்தலும் வேண்டா. கேப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கெஜக்கோலில் இரண்டு கோடு வெட்டி வைத்தல் மிகவும் பயனுடைய பழைய உபாயமாகும். குழல் வெறுமையாயிருக்கும்போது கோலை உள்ளே விட்டு, வாயோரத்தில் ஒரு கோடு. சரியான அளவு கெட்டித்தபின் மற்றொரு கோடு. கெட்டிக்குமுன் கோலை விட்டுப் பார்த்தால், போன வாரம் கெட்டித்துச் சுடாமல் சார்த்தி வைத்தது உள்ளே இருக்கிறதா என்பது உடனே தெரிந்துபோகும். இரட்டைக் கெட்டிப்பு எத்துணை எளிதில் நேரக்கூடியது என்பதற்கு, 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்திற் பொறுக்கிய துப்பாக்கிகள் சான்று. 27,000க்கு மேற்பட்ட அவற்றுள் மிகப் பெரும்பகுதி கெட்டித்தபடியே கிடந்தன, ஏறக்குறைய 12,000 துப்பாக்கிகளில் இரண்டு கெட்டிப்பு இருந்தது, ஒன்றினுள் இருபத்துமூன்று. அவர்கள் பழக்கப்பட்ட போர்வீரர். இருட்டில் பன்றியின் உறுமலைக் கேட்டு எழுந்தோடும் குடியானவர்க்குக் கோட்டுக் கோலின் உதவி எவ்வளவு அவசியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

ரவையிலும் மாற்று வேலை நடைபெறுவதுண்டு. ஈய ரவைக்குப் பதிலாக சைக்கிள் பால்ரஸ் குண்டும், ஆணித் துண்டும், கம்பி நறுக்கும் இடுகின்றனர். ஈயம் மென்மையானது, குழலின் குறுகிய வாயில் நசுங்கி வழிவிடும். பால்ரஸோ குழலினும் கடினமானது. உட்புறத்தைக் கீறும், வாயைப் பிதுக்கும். மேனாட்டார் நீர்ப்பறவை வேட்டையில் எஃகு ரவை உபயோகிப்பது உண்மையே; அதற்கெனத் தனி மருந்தும், குழலைக் காக்கும் தடித்த கிண்ணத் தக்கையும், தனிப் பரீக்ஷை அட்டவணையும் உள. அவையின்றி எஃகை மட்டும் எடுத்துக்கொள்வது மேற்கூறிய ஐந்தின் பொருத்தத்தைக் குலைப்பதாகும்.

பெரிய ரவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சிறுசேரிப் பக்கத்தார் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ரவையின் விட்டத்தை அங்குலத்திற் கொண்டு 2,200 ஆல் பெருக்கினால் அது செல்லக்கூடிய எல்லை ஏறத்தாழக் கஜத்தில் கிடைக்கும் என்பது ஜூர்னே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட விதி. ஆறாம் எண் ரவை 0.11 அங்குலம், அது 240 கஜம் செல்லும். பன்றிக்கென்று இடும் 0.33 அங்குல ரவையோ 720 கஜத்துக்கு மேல், அதாவது அரை மைலுக்குச் சற்றே குறைந்த தூரம் செல்லும். முன்னாளில் ஏரியும் வயலும் மேடுமாயிருந்த சிறுசேரியில் இப்போது கணினித் தொழிற்பேட்டையும் அடுக்கு வீடுகளும் எழுந்திருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் நள்ளிரவிலும் ஜனங்கள் நடமாடுகின்றனர். இத்தகைய இடத்தில் அரை மைல் வெறுமை எத்திசையிலும் கிடைப்பது அரிது. சரியான மருந்தோடு சரியாகக் கெட்டித்த துப்பாக்கியும் இங்கு விடத்தகாததாகலாம். வேலியும் விளக்கும் காவலாளும் இங்குச் சிறந்தவை.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள பொருத்தம் தனியே கவனிக்க வேண்டியது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் பன்னிரண்டு போர் குழலுக்குச் சரியாயிருக்கும். இருபது உருண்டையாக்கினால் இருபது போருக்கு. எண் பெரிதானால் துளை சிறிதாகும். இருபது போர் தோட்டா தவறிப் பன்னிரண்டு போர் குழலில் விழுந்தால், உள்ளே நழுவிச் சென்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கும். பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவும் தடையின்றி நுழையும். சுட்டால் குழல் நில்லாது. இருபது போர் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் இடுவது இதன் பொருட்டே. நீளத்திலும் வேறுபாடு உண்டு: பழைய துப்பாக்கிகளின் அறை 65 மில்லிமீட்டர், புதியவற்றினது 70. சுடாத 70 மில்லிமீட்டர்த் தோட்டா, வாய் மடிந்திருப்பதால், பழைய அறையில் நன்றாகவே நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்துள்ள எண்ணையும் பரீக்ஷை முத்திரையையும் படிக்காமல் தோட்டா வாங்கலாகாது. முத்திரை தேய்ந்துபோன குழலையும், கம்பி முறுக்கி அடித்த பூவேலைக் குழலையும் லைசென்சுள்ள துப்பாக்கி வியாபாரி பார்த்து ஒப்பும்வரை சுவரிலேயே விட்டு வைப்பது நன்று.

கடற்கரைக் கிராமங்களுக்கு உப்புக் காற்று ஒரு தனிச் சத்துரு. கருமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுக்கும். ஓர் இரவு விட்டாலும் குழல் துருவேறும். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். காகிதக் கூட்டுத் தோட்டா மழைக்காலத்தில் ஊதிப்போய் அறையில் நுழையாது. அதை வற்புறுத்தித் தள்ளலாகாது. வெயிலில் காயவைத்து உபயோகித்தலும் ஆகாது. மூலையில் பல மாதம் சார்த்தி வைத்த துப்பாக்கியின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டுவது இந்நாட்டில் சாதாரணம். அந்த ஒரு பிடி மண், மேற்சொன்ன தங்கிய தக்கையைப் போலவே குழலைப் பிளக்க வல்லது.

1980ஆம் ஆண்டில் கர்ணம், முன்சீப் பதவிகள் எடுபட்டபின் கிராமக் கணக்குகளைப் பார்த்துவரும் கிராம நிர்வாக அலுவலர்கள், தம் எல்லையில் லைசென்சு உள்ளவர் யார், லைசென்சில் எத்தனை தோட்டா வரையறுக்கப்பட்டிருக்கிறது, புதுப்பிக்கும் நாள் எது என்பவற்றை அறிந்திருத்தல் உதவியாயிருக்கும். பயிர்க் காவல் லைசென்சு எதையும் சுடுவதற்கு உத்தரவு அன்று என்பதையும் அவர்கள் எடுத்துரைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலும் மானும் காட்டுப்பன்றியும் காக்கப்பட்டவை. பயிரை அழிப்பதாயினும் வன இலாகாவின் உத்தரவின்றிக் கொல்லலாகாது. இந்த ஜில்லாவுக்கு அது புதிய பாடமும் அன்று. வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, குடிகளே கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் தடையுத்தரவு பெற்றவர்கள்.

லைசென்சுதாரர் காலமான வீடுகளில் துப்பாக்கியோடு பெயர்ச்சீட்டு அழிந்த டப்பாவும், துணியில் முடிந்த கேப்புக்களும், பாதி நிரப்பிய கூடுகளும் அகப்படுவதுண்டு. வாரிசுகள் துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சுள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும் என்பது சட்டத்தின் இருபத்தோராம் பிரிவு. மருந்து டப்பாவை மட்டும் தாமாக எடுத்துச் செல்லாமலும், திறந்து முகர்ந்து பாராமலும், அடுப்பிலோ கிணற்றிலோ கொட்டாமலும், குழந்தைகள் எட்டாதபடி அவ்வறையைப் பூட்டி, ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.